மூச்சுக்கும் சோறு வேண்டும்

மருந்து இருக்கிறது, இன்ஹேலர் இருக்கிறது. ஆனால் நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள் மெலிந்துகொண்டே போகிறார்கள். அவர்கள் தட்டில் என்ன விழுகிறது என்று யாரும் கேட்பதில்லை. பாலாற்றங்கரையிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை.

மதியம் ஒரு மணி. காஞ்சிபுரம் மாவட்டம் பழையசீவரத்தில், மலைக்கோயிலுக்குப் போகும் பாதையிலிருந்து சற்றே விலகிய தெரு. ஒரு வீட்டுத் திண்ணையில் அறுபதைத் தாண்டிய பெரியவர் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, ஓரமாக ஒரு துண்டு ஊறுகாய். மூன்று வாய் போனதும் கை நிற்கிறது. இடது கையை முழங்காலில் ஊன்றி, உடம்பை முன்னால் சாய்த்து, உதட்டைக் குவித்து ஊதுகிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது. காறை எலும்புக்கு மேலே இருக்கும் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கை வரை வழுக்கிப் போய் வருகிறது.

"மாமா, இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுங்க" என்கிறார் மருமகள். அவர் கையை மட்டும் ஆட்டுகிறார். பேச மூச்சில்லை. தட்டில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது.

உள்ளே பிளாஸ்டிக் டப்பாவில் இன்ஹேலர், மாத்திரை அட்டைகள், சளி மருந்து பாட்டில், நாட்டு மருந்துக் கடை லேகியம். மருந்துச் சீட்டில் காலை, மதியம், இரவு எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறது. சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. உடம்பு இப்படி வத்திப்போனதை, வயசாகிவிட்டது என்று வீடும் ஊரும் ஏற்றுக்கொண்டாகிவிட்டது.

அது வயசின் வேலை இல்லை. நோயின் வேலை. அதில் ஒரு பகுதியைச் சாப்பாட்டால் தடுக்க முடியும் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

சாப்பிடுவதே வேலையாகும்போது

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் மூச்சுக்குழாய்கள் சுருங்கிக் கிடக்கின்றன. உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராமல் தங்குவதால் நுரையீரல் ஊதிப்போய், அடியில் இருக்கும் உதரவிதானத்தைத் தட்டையாக அழுத்திவிடுகிறது. தட்டையான தசையால் சரியாக இழுக்க முடியாது. அதனால் கழுத்து, தோள், விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் எல்லாம் மூச்சு வேலைக்கு வந்துவிடுகின்றன. நமக்கு மூச்சு விடுவது கணக்கிலேயே வராத வேலை. இவர்களுக்கு அது இரவும் பகலும் ஓயாத கூலி வேலை. நம்மைப் போலப் பல மடங்கு சக்தி அதற்கே செலவாகிறது.

செலவு கூடும் இதே நேரத்தில் வரவு குறைகிறது. மெல்லவும் விழுங்கவும் மூச்சை நிறுத்தி நிறுத்தி விடவேண்டும். சிலருக்குச் சாப்பிடும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு இறங்குகிறது. வயிறு நிறைந்தால் அது உதரவிதானத்தை மேலே தள்ள, மூச்சு இன்னும் முட்டுகிறது. வாயால் மூச்சு விடுவதால் நாக்கு வறண்டு ருசி தெரிவதில்லை. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தபின் வாய் கொப்பளிக்காதவர்களுக்கு நாக்கில் வெள்ளைப் படலம் பூத்து, காரம் பட்டாலே எரிகிறது. போதாததற்கு, உடம்பெங்கும் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி பசியையும் கெடுத்துத் தசையையும் கரைக்கிறது.

புகையும் தூசியும்

இந்த வட்டாரத்தில் நோய் வரும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆண்களுக்குப் பீடியும் சிகரெட்டும். பெண்களுக்கு விறகடுப்பு. வாலாஜாபாத்துக்கும் உத்திரமேரூருக்கும் இடையில் கல் குவாரிகளும் கிரஷர்களும் கிளப்பும் தூசி. முன்பு காசநோய் வந்து குணமானவர்களின் நுரையீரலில் மிச்சமிருக்கும் தழும்பு. கேஸ் அடுப்பு வந்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால் குளிக்க வெந்நீர் இன்னும் பல வீடுகளில் விறகில்தான் காய்கிறது. இருபது, முப்பது வருடம் உள்ளே போன புகையும் வெளியே வந்துவிடப் போவதில்லை.

பெட்டிச் செய்தி: சில எண்கள்

● இந்தியாவில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோடு வாழ்ந்தவர்கள் 1990-ல் சுமார் 2.8 கோடி. 2016-ல் சுமார் 5.5 கோடி.

● உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் இந்நோயால் இறந்தவர்கள் சுமார் 35 லட்சம் பேர். உலகில் உயிர்பறிக்கும் காரணங்களில் இது நான்காவது.

● பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்தில் 45 கிராமங்களில், 30 வயதைத் தாண்டிய, புகைபிடிக்காத 900 பெண்களைச் சோதித்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. அவர்களில் 2.44 சதவீதம் பேருக்கு நோய் இருந்தது. சமையலறையில் அதிக நேரம் இருப்பவர்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது.

எடை குறைந்தால் என்ன ஆகும்?

கோபன்ஹேகன் நகரில் நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1999-ல் வெளியான ஆய்வு ஒன்று, எடை குறைந்தவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று காட்டியது. நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதைக் கழித்துப் பார்த்தபின்னும் அந்த வித்தியாசம் மறையவில்லை. நோய் முற்றியவர்களிடம் அது இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. 2004-ல் நோயின் போக்கைக் கணிக்க மருத்துவ உலகம் நான்கு அளவுகளைச் சேர்த்து ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கியது. ஊதும் திறன், மூச்சுத் திணறலின் அளவு, ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் ஆகியவற்றோடு நான்காவதாக அதில் நின்றது உடல் எடைக் குறியீடு. அது 21-க்கு மேலே இல்லாவிட்டால் ஒரு மதிப்பெண் பாதகமாக ஏறும்.

அந்தக் குறியீட்டைப் போடுவது சுலபம். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுக்க வேண்டும். 1.60 மீட்டர் உயரமும் 45 கிலோ எடையும் உள்ளவருக்கு 17.6 வரும். ஊர்ப்பக்கம் இவரை 'ஒல்லி உடம்புவாகு' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். மருத்துவக் கணக்கில் இவர் ஆபத்தில் இருக்கிறார்.

எடை போகும்போது தசையும் கூடவே போகிறது. தொடைத் தசை கரைந்தால் கக்கூஸ் போய்வருவதற்குள் மூச்சு வாங்கும். மூச்சு வாங்குகிறதே என்று நடப்பதை நிறுத்தினால் தசை இன்னும் கரையும். விலாத் தசையும் உதரவிதானமும் மெலிந்தால் இருமிச் சளியைத் துப்பக்கூடத் தெம்பிருக்காது. துப்பாத சளியில் கிருமி தங்கும். மார்கழிப் பனியில் ஒரு காய்ச்சல், பத்து நாள் ஆஸ்பத்திரி, அங்கே இன்னும் இரண்டு கிலோ குறைவு. திரும்பி வந்தவர் பழைய நிலைக்கு வருவதற்குள் அடுத்த சளி பிடித்துவிடுகிறது. பொங்கலுக்கு மறுநாள் பார்வேட்டைக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளும்போது, வருடா வருடம் மலையேறியவர்கள் ஒருநாள் கீழேயே நின்று கும்பிடத் தொடங்குவதற்குப் பின்னால் இந்தத் தொடர் இருக்கக்கூடும்.

இதைத் திருப்ப முடியுமா? ஓரளவு முடியும். எடை குறைந்த நோயாளிகளுக்குக் கூடுதல் ஊட்டம் கொடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைத் தொகுத்தபோது எடையும் தசை வலிமையும் கூடியது தெரிந்தது. நுரையீரல் திரும்பப் புதிதாகாது. ஆனால் அதைச் சுமக்கும் உடம்பு தேறும். நோயாளிக்கு வேண்டியதும் அதுதான்: தானே குளிக்கவும், கோயில் வாசல் வரை நடக்கவும் தெம்பு.

பத்தியம் என்னும் பட்டினி

என்னை மிகவும் கோபப்படுத்துவது நம் வீட்டுப் பத்தியம்தான். இழுப்பு என்று பெயர் வந்த நாளிலேயே தயிர் போய்விடுகிறது. மோர் போய்விடுகிறது. வாழைப்பழம் குளிர்ச்சி, கொய்யா சளி, பால் கபம், முட்டை மந்தம், வேர்க்கடலை பித்தம், ராத்திரியில் கீரை கூடாது. சொல்பவர்கள் எல்லோரும் அன்பினால்தான் சொல்கிறார்கள். அக்கம்பக்கத்தார், சம்பந்தி, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் என்று ஆளுக்கொன்றைக் கழித்துக் கடைசியில் மிஞ்சுவது ரசம் சோறும் இட்லியும் கஞ்சியும். புரதமும் கொழுப்பும் எங்கெல்லாம் இருக்கிறதோ, அதையெல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டது போல் இருக்கிறது அந்தப் பட்டியல்.

பால் குடித்தால் சளி கூடுமா என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நேரடியாகச் சோதித்தார்கள். ஜலதோஷக் கிருமியைக் கொடுத்த தன்னார்வலர்களின் மூக்குச் சளியை எடை போட்டு, யார் எவ்வளவு பால் குடித்தார் என்பதோடு ஒப்பிட்டார்கள். 1990-ல் வெளியான முடிவு: பாலுக்கும் சளியின் அளவுக்கும் தொடர்பில்லை. பால் குடித்தபின் எச்சில் சற்றே கெட்டியானதுபோல் தொண்டையில் ஓர் உணர்வு வரும். அது உண்மை. ஒரு வாய் வெந்நீர் குடித்தால் சரியாகிவிடும். பழத்தைப் பொறுத்தவரை, ஸ்வீடனில் 44,000-க்கும் மேற்பட்ட ஆண்களை 13 ஆண்டுகள் கவனித்து 2017-ல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்கிறது. புகைபிடிப்பவர்களிலும் முன்பு பிடித்தவர்களிலும், பழமும் காய்கறியும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இந்நோய் வருவது குறைவாக இருந்தது.

ஒரு குறிப்பிட்ட உணவைச் சாப்பிட்டால் ஒவ்வொரு முறையும் தடிப்போ மூச்சிரைப்போ வருகிறவர்கள் அதைத் தவிர்க்கத்தான் வேண்டும். அது ஒவ்வாமை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற தயிர் சிலருக்கு இருமலைக் கிளப்பலாம். வெளியே வைத்து, மதியம் சாப்பிட்டால் போகிறது. அதற்காக ஆயுளுக்கும் தயிரை நிறுத்துவது எந்த வைத்தியமும் இல்லை.

கடைசியில் சாப்பிடுபவள்

நோயாளி ஆணாக இருந்தால், சாப்பிடுங்கள் என்று சொல்லவாவது வீட்டில் ஒருவர் இருப்பார். பெண்ணாக இருந்தால்? விறகடுப்பில் ஊதாங்குழலோடு வாழ்ந்து நோயை வாங்கிக்கொண்ட அம்மா, எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் ஒட்டியிருப்பதைப் போட்டுச் சாப்பிடுகிறார். முட்டை குழந்தைகளுக்கு, மீன் துண்டு மகனுக்கு, தனக்குக் குழம்பு. சமைத்து முடிக்கும்போதே மூச்சு தீர்ந்துவிடுவதால் பசியும் தீர்ந்துவிடுகிறது. 'எனக்கு இது போதும்' என்று அவர் சொல்வதை நம்பிவிடுவது வீட்டுக்கு வசதியாக இருக்கிறது.

நோய் உள்ள பெண் முதல் பந்தியில் சாப்பிட வேண்டும். கேட்க எளிதான இந்த ஒரு மாற்றம், மருந்துக் கடையில் விற்கும் எந்தச் சத்து டின்னையும்விடப் பலன் தரும்.

ரேஷன் அரிசியிலிருந்து தொடங்கலாம்

சத்து டின் பற்றிச் சொன்னேன். டாக்டர் எழுதித் தந்தால் வாங்கலாம். வாங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கணக்கைப் பார்ப்போம். இந்நோய் உள்ளவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 45 கிலோ உள்ளவருக்கு 54 முதல் 68 கிராம். நாள் முழுக்கச் சோறும் இட்லியுமாக 300 கிராம் அரிசி சாப்பிட்டாலும் அதில் கிடைப்பது 24 கிராம்தான். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் தரும் துவரம்பருப்பில் ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் சேர்ந்தால் ஆறரை. இரண்டு முட்டை சேர்ந்தால் 12. வேர்க்கடலை ஒரு கைப்பிடி ஏழு. பாலும் தயிருமாக 300 மில்லி ஒன்பது. கூட்டினால் 58 கிராமுக்கு மேல் வருகிறது. எல்லாம் வாலாஜாபாத் சந்தையிலும் தெருமுனைக் கடையிலும் கிடைப்பவை.

சக்தியைக் கூட்டக் கவளத்தின் எண்ணிக்கையைக் கூட்டத் தேவையில்லை, அவரால் அது முடியவும் முடியாது. அதே கவளத்தை அடர்த்தியாக்க வேண்டும். குழம்பில் ஒரு கரண்டி நல்லெண்ணெய், சோற்றில் நெய், கஞ்சியில் பொட்டுக்கடலை மாவு, கேழ்வரகுக் கூழில் மோருக்குப் பதில் கெட்டித் தயிர். காஞ்சிபுரம் கோயில் இட்லி இதற்குக் கைமேல் கிடைத்த உதாரணம். அரிசியும் உளுந்தும் ஊறி, நெய்யும் எண்ணெயும் இறங்கி, சுக்கு, மிளகு, சீரகத்தோடு ஆவியில் வெந்தது. மெல்லக் கஷ்டமில்லை. ஒரு துண்டில் சாதாரண இட்லி இரண்டு மூன்றின் தெம்பு. உப்பை மட்டும் குறைத்து வீட்டில் செய்துகொள்ளலாம்.

சோறு கரியமிலவாயுவை அதிகம் உண்டாக்கும், ஆகவே சோற்றை நிறுத்து என்று ஓர் அறிவுரை சுற்றுகிறது. மாவுச்சத்து எரியும்போது கொழுப்பைவிட அதிகக் கரியமிலவாயு வரும் என்பது சரிதான். ஆனால் வீட்டில் மெலிந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு அது பெரிய விஷயமில்லை. ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்னாமல் இருந்தாலே போதும். சோற்றை நிறுத்தினால் அவர் வேறு என்ன சாப்பிடப் போகிறார்?

பெட்டிச் செய்தி: மூச்சு வாங்காமல் சாப்பிட

● மூன்று பெரிய வேளையை ஐந்தாறு சிறு வேளையாகப் பிரிக்கவும். தெம்பு அதிகமுள்ள காலை வேளையில் கனமாகச் சாப்பிடலாம்.

● குளித்த கையோடு தட்டைப் பிடிக்க வேண்டாம். கால் மணி நேரம் ஓய்வு எடுத்தபின் சாப்பிடவும். இருமிச் சளியைத் துப்பிவிட்டு உட்காரவும்.

● மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலரைச் சாப்பாட்டுக்குச் சற்றுமுன் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கவும். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தால் கட்டாயம் வாய் கொப்பளிக்கவும்.

● தரையில் குனிந்து உட்காராமல், நாற்காலியில் நிமிர்ந்து, முழங்கைகளை மேசையில் ஊன்றிச் சாப்பிடவும்.

● தண்ணீரைச் சாப்பாட்டுக்கு இடையில் குடித்து வயிற்றை நிரப்ப வேண்டாம். முன்னும் பின்னும் குடிக்கலாம்.

● வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் சாப்பிடும்போது மூக்குக் குழாயைக் கழற்றக் கூடாது.

எல்லோருக்கும் ஒரே தட்டு இல்லை

மேலே சொன்னவை மெலிந்தவர்களுக்கு. தொப்பையோடு இருக்கும் நோயாளிக்கு எண்ணெயைக் கூட்டினால் மூச்சு இன்னும் மோசமாகும். அவருக்குப் புரதம் குறையாமல் எண்ணெயும் இனிப்பும் குறைய வேண்டும். நோய் முற்றி இதயத்தின் வலப்பக்கம் சோர்ந்து, மாலையில் கால் வீங்குபவர்களுக்கு உப்பு எதிரி. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் விலக்கினாலே வீக்கத்தில் வித்தியாசம் தெரியும். அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். கேழ்வரகும் பாலும் காலை வெயிலும் அவர்களுக்கு முக்கியம். தியோபிலின் மாத்திரை எடுப்பவர்கள் காபி, டீயை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் படபடப்பும் தூக்கமின்மையும் கூடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தையோ இளநீரையோ தாங்களாகக் கூட்டக் கூடாது.

இன்னொன்று, சாப்பாடு மட்டும் தசையாக மாறாது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைக் காலையும் மாலையும் ஐந்து ஐந்து முறை செய்தால்கூடத் தொடைக்கு வேலை கிடைக்கும். பீடியை விடாமல் முட்டை சாப்பிட்டுப் பயனில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆற்றின் அக்கரையில்

பழையசீவரத்திலிருந்து பாலத்தைக் கடந்தால் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு இருக்கிறது. 1068 வாக்கில் வெட்டப்பட்டது. வேதம் படிக்கும் மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்குமாக 'வீரசோழன்' என்ற பெயரில் 15 படுக்கைகளோடு அங்கே ஓர் ஆதுலர் சாலை, அதாவது மருத்துவமனை, நடந்ததை அது விவரிக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் என ஒவ்வொருவருக்கும் ஒதுக்கீடு உண்டு. சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் வாசா ஹரீதகியும் இருக்கிறது. ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்த, இருமலுக்கும் இரைப்புக்கும் ஆயுர்வேதம் சொல்லும் மருந்து. அதே கல்வெட்டில் படுக்கையில் கிடப்பவர்களுக்கான அரிசிக்கும் ஒதுக்கீடு இருக்கிறது. மருந்துக்கு ஒரு வரி, சோற்றுக்கு ஒரு வரி என்று சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

பழையசீவரத்தில் ரயிலேறினால் செங்கல்பட்டு வழியாகத் தாம்பரம் சானடோரியம் போகலாம். அந்த நிலையத்துக்குப் பெயர் தந்த மருத்துவமனையை டாக்டர் சௌரிமுத்து 1928-ல் தொடங்கினார். காசநோய்க்கு மாத்திரையே இல்லாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு, இவைதான் அன்றைய சானடோரியங்களின் சிகிச்சை. மாத்திரை வந்தபின் உணவு பின்னால் போய்விட்டது.

காசநோய்க்கு உண்டு, இதற்கு இல்லை

காசநோயில் உணவு மீண்டும் முன்னால் வந்துவிட்டது. ஜார்க்கண்டில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்குக் கூடுதல் உணவுப்பை கொடுத்தபோது அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் குறைந்தது. சிகிச்சையில் இருக்கும் காசநோயாளிக்கு மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் ஊட்டத்துக்கென்று தந்தது. 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கியது. தமிழ்நாடு 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' நோய் உறுதியானவுடன் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, தானாக நிற்க முடிகிறதா என்பதையெல்லாம் பார்த்து, மிக மெலிந்தவர்களை உடனே படுக்கையில் சேர்க்கிறது.

காசநோய் குணமானதும் அந்த 1,000 ரூபாய் நின்றுவிடும். நுரையீரலில் தழும்பு தங்கி, மூச்சு முட்டி, வேலைக்குப் போக முடியாமல் அதே ஆள் வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் நின்றுவிடும். பீடி பிடித்தவருக்கும் கல்லுடைத்தவருக்கும் விறகடுப்பு அம்மாவுக்கும் அது எப்போதும் இல்லை. அவர்கள் கைக்கு வரக்கூடியது முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய். அதுவும் கிடைத்தவர்களுக்கு.

தொற்றாநோய்களுக்கான தேசியத் திட்டத்தின் 2023 வழிகாட்டுதல்களில் நுரையீரல் அடைப்பு நோய் இடம்பெற்றுவிட்டது. ஆகவே புதிதாக ஒரு துறையைத் தொடங்க வேண்டியதில்லை. அங்கன்வாடி வழியாகக் கர்ப்பிணிகளுக்குத் தரும் சத்துமாவை, எடை குறைந்த நுரையீரல் நோயாளிகளுக்கும் தரலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்ஹேலர் வாங்க வரும் ஒவ்வொருவரின் எடையையும் நோட்டில் எழுதலாம். ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல், அதாவது 50 கிலோ உள்ளவர் இரண்டரைக் கிலோவுக்கு மேல் இழந்திருந்தால் அவரைச் செங்கல்பட்டு அல்லது காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். அங்கிருக்கும் உணவியல் நிபுணரைப் பார்க்கச் சீட்டிலேயே எழுதித் தரலாம்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு இந்தத் தெருக்களுக்கு ஏற்கெனவே வருகிறார்கள். எடை இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வர அவர்களால் முடியாது. தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா போதும். தோள்பட்டைக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை அளந்தால், 23.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பவர் எடை குறைந்தவராக இருக்க வாய்ப்பு அதிகம். ஓர் ஆளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த அளவை எழுத மருந்து அட்டையில் ஒரு கட்டத்தை மாவட்டச் சுகாதாரத் துறை இந்த மாதமே சேர்க்கலாம்.